அக்காவின் ஸ்கூட்டிக்கு ஒரு சைலன்சர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு, நாற்று விட்டிருக்கிறோம். ஆடிக்கு அக்கா சின்னவனைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பெரியப்பா மகன் கோயம்புத்தூர் வந்தபோது காந்திபுரத்தில் உன்னைப் பார்த்தானாம். சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன் என்றான். ராத்திரி பதினொரு மணி, அக்காவின் பழைய ஸ்கூட்டி, அதில் சைலன்சர் இல்லை. முதுகில் பெரிய சதுரப் பை மாட்டியிருந்தாய் என்றும் சொன்னான். பையைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா போனில் கேட்டதற்கு, "சைலன்சர் இல்லாட்டி இழுவை நல்லா இருக்குதும்மா" என்று சொன்னாயாம். அது தப்பு. நீ படித்தவன், ஆனாலும் சொல்கிறேன். அது டூ ஸ்ட்ரோக் வண்டி. அதில் சைலன்சர் சத்தத்தை அடக்க மட்டும் இல்லை. எரிந்த புகை வெளியே போகும்போது, கூடவே நழுவப் பார்க்கும் புதுப் பெட்ரோலையும் காற்றையும் திருப்பி உள்ளே தள்ளுவது அந்தக் குழாயின் அமைப்புதான். அதைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் ரோட்டில் போகும். மேட்டில் திணறும், மைலேஜ் விழும். காதுக்குப் பக்கத்தில் அலறுவதால் வேகமாகப் போகிற மாதிரி தோன்றும், அவ்வளவுதான். கரி அடைத்திருந்தால் மெக்கானிக்கிடம் கொடு, சுட்டுக் கரியை எடுத்துத் தருவார்கள். இற்றுப் போயிருந்தால் வேறு வாங்கி மாட்டு.

போலீஸ் பிடித்தால் என்ன ஆகும் என்றும் யோசி. 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, இந்த மாதிரி சத்தத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், மூன்று மாதம் வரை உள்ளேயும் வைக்கலாம். சைலன்சர் விலை அதில் எத்தனை பங்கு? மாட்டிவிடு சாமி.

ராத்திரியில் அந்தச் சத்தத்தோடு தெருத் தெருவாகப் போகிறாய். கைக்குழந்தை இருக்கும் வீடு இருக்கும், படுத்த படுக்கையாய் இருக்கும் கிழவி இருப்பாள். நம் வளவில் முதலில் காலேஜ் படித்தவன் நீ. உன் போட்டோவை இன்னும் பால் சொசைட்டியில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படிப்பட்டவனை நாலு பேர் ஜன்னலைத் திறந்து திட்டும்படி வைத்துக்கொள்ளாதே. உன் காதையும் நினைத்துக்கொள். என் காதைப் பார்த்த டாக்டர், உள்ளே இருக்கும் மயிர் போன்ற செல்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது என்றார். எத்தனை வருஷம் சத்தத்தில் வேலை செய்தீர்கள் என்று கேட்டார். டி.வி.எஸ். ஃபிஃப்டி என்றேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆனால் எழுத உட்கார்ந்தது இதற்கு இல்லை. இழுவை நல்லா இருக்கு என்று நீ சொன்னாயே, 2000-இல் ஊர் முழுக்க நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சைலன்சர் பாதியில் முறிந்து விழுந்துவிட்டது. புதுசுக்கு 300 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். பத்து நாளைக்கு ஒருதரம் வரும் பால் பணம் கடைக்கும் தீவனத்துக்குமே போய்விடும். காசு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு மாதம் அப்படியே ஓட்டினேன்.

உனக்கு அப்போது மூன்றரை வயது. ஒரு நாள் அத்தாணியில் பால் ஊற்றிவிட்டு வரும்போது உன்னைப் பின்னால் உட்கார வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் காலிக் கேன் தொங்கியது, உன் காலை நகர்த்த இடம் இல்லை. முறிந்த சைலன்சரின் வாய் நேராக உன் கெண்டைக்காலுக்குக் கீழே இருந்தது. பாலம் ஏறும்போதே அழுதிருப்பாய். எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் டீக்கடைக்காரர் ஓடி வந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். என்ஜினை நிறுத்தின பிறகுதான் உன் சத்தம் கேட்டது. தோல் வெளுத்து, நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். என் சட்டையை முதுகுப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறாய், தையல் பிரிந்து கிடந்தது.

அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். அவள் வந்து கேட்டபோது, ஆத்தா கஞ்சி வடிக்கும்போது கொட்டிவிட்டது என்று சொன்னேன். நீ "வண்டி, வண்டி" என்று அழுதாய். வண்டியில் போகணும் என்று அழுகிறான் என்றேன். ஆத்தா அடுப்படியில் நின்று என்னையே பார்த்தது. அப்புறம், "ஆமா, நாந்தான் பாக்காம வடிச்சுட்டேன்" என்றது. அம்மா ஆறு மாதம் உன்னை ஆத்தாவிடம் விடவில்லை. நீ அந்தப் பக்கம் போனால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

உன் காலில் இருப்பது கஞ்சித் தழும்பு இல்லை தம்பி. 2011-இல் ஆத்தாவைக் கொண்டுபோகும் வரைக்கும் அதை யாரிடமும் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. 300 ரூபாய் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆத்தாவே காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்திருக்கும்.

அதனால் இப்போது நேராகவே கேட்கிறேன். வேலை இருக்கிறதா, போய்விட்டதா? போயிருந்தால் போகட்டும். பை சுமப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, நானும் கேன் சுமந்தவன்தான். ஆனால் இழுவை என்று சொல்லாதே.

செவலைக் கன்றுக்குட்டியை விற்றதில் 6,000 ரூபாய் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். முதலில் சைலன்சர் மாட்டு, மீதிக்குச் சாப்பிடு. திருப்பி அனுப்பாதே. அம்மாவிடம் பணத்தைப் பற்றிச் சொல்லலாம், தழும்பைப் பற்றி நீ சொல்லவேண்டாம். ஆடியில் நீங்கள் இரண்டு பேரும் வந்தபிறகு அவளிடம் நானே சொல்கிறேன்.

பஸ்ஸில் வா.

அப்பா