டெண்டருக்கு முன்பே எங்களைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வடசென்னை வளர்ச்சித் திட்டப் பணிகள் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். படிக்கும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலைப் பட்டியலை யார் போட்டது? 2023-இல் மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் முதல்வர் தொடங்கி வைத்தபோது அது 4,181 கோடியாகியிருந்தது. இவ்வளவு பணம் எங்கள் பக்கம் திரும்பியதில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி. எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலையும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையையும் காலங்காலமாகச் சுவாசித்த மக்களுக்கு இது தாமதமாக வந்த நியாயம். அதனால்தான் அதை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுப்பதில் இங்கே குடியிருப்பவர்களுக்கும் பங்கு வேண்டும் என்கிறேன்.

வியாசர்பாடியில் யாரிடம் கேட்டாலும் மழைத்தண்ணீரில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஒரு நல்ல மழைக்கே கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. கேப்டன் காட்டன் கால்வாய் எந்த இடத்தில் முதலில் பொங்கும், எந்தத் தெருவின் வடிகால் கால்வாயோடு சேராமலே பாதியில் நிற்கிறது, எந்த மேன்ஹோல் வழிந்தால் அடுத்த நாள் குடிநீர்க் குழாயில் நாற்றம் வரும் என்பதெல்லாம் இங்குள்ள பெண்களுக்கு அத்துப்படி. இந்தத் தகவல் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. சமுதாயக் கூடம், விளையாட்டுத் திடல், பூங்கா எல்லாமே எங்களுக்கு வேண்டும். ஹவுசிங் போர்டின் ஒற்றை அறை வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு ஒரு நல்ல படிப்பகம் எவ்வளவு பெரிய உதவி! ஆனால் எது முதலில், எது பிறகு என்று வரிசை போடும்போது எங்களைக் கேட்க வேண்டாமா?

கேட்பதற்கான இடம் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதன் கீழே பகுதி சபைகள். கிராம சபைக்கு ஈடாக நகரத்துக்கும் ஒன்று என்று நான் மிகவும் எதிர்பார்த்தேன். ஆனால் கிராம சபையில் வரவு செலவை மக்கள் முன் வைத்தாக வேண்டும், அடுத்து என்ன வேலை என்று பேசியாக வேண்டும். நான் போய் உட்கார்ந்த பகுதி சபையில் தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று மனு வாங்கினார்கள், முடித்துக்கொண்டார்கள். வளர்ச்சித் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்தவர்களில் துறைமுகத்துக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் யாரையும் காணோம். பகல் நேரத்தில் வைத்தால் அவர்கள் எப்படி வருவார்கள்?

மக்களிடம் விட்டால் ஆளாளுக்குத் தன் வீட்டு வாசலைத்தான் பார்ப்பார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். பிரேசிலின் போர்டோ அலெக்ரே நகரத்தில் 1989-இல் இதைச் செய்து பார்த்தார்கள். பட்ஜெட்டில் முதலீட்டுப் பணத்தை எதில் போடுவது என்று பகுதிவாரியாக மக்கள் கூடி வரிசைப்படுத்தினார்கள். ஏழைப் பகுதிகள் முதலில் கேட்டவற்றில் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் இருந்தன. பக்கத்தில் கேரளம் இருக்கிறதே, 1996-இல் மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளிடம் கொடுத்து, வார்டு வார்டாக மக்களைக் கூட்டித் திட்டம் போடச் சொன்னது. கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கொடுங்கையூரில் குப்பையை எரிக்கும் உலை வேண்டாம் என்று மக்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் பகுதி சபையே முடிவு செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கால்வாய் பல வார்டுகளைத் தாண்டிப் போகிறது. அதன் அகலமும் ஆழமும் பொறியாளர் பார்க்க வேண்டியவை. ஆனால் ஒவ்வொரு வார்டுக்கும் இவ்வளவு தொகை என்று ஒரு பங்கை ஒதுக்கி, அதற்குள் எந்த வேலை என்பதை அங்குள்ளவர்கள் தீர்மானிக்கலாம். பெரிய வேலைகளை டெண்டர் விடும் முன் வரைபடத்தோடு சபையில் வைக்கலாம். கை தூக்கச் சொன்னால் கட்சிக்காரர்களின் குரல்தான் மேலே வரும், அதனால் சீட்டில் எழுதி வாங்குவது நல்லது. வாடகைக்கு இருப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. இந்தப் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றி, வேலைப் பட்டியலையும் தொகையையும் பத்து நாள் முன்பே ரேஷன் கடையில் ஒட்டினால் போதும், ஜனங்கள் வருவார்கள். எந்த வார்டில் எங்கே, எத்தனை மணிக்குப் பகுதி சபை என்பதை உங்கள் சென்னைப் பக்கத்தில் முன்கூட்டியே வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை