துளைக்குள் வெளிச்சம்

அன்புள்ள மாணிக்கம்,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் எட்டு மாதங்களைக் கடத்திவிட்டேன்; அதற்கான வசவுகளை வாங்கிக்கொண்டதாகவே வைத்துக்கொள். இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் மகள் வீட்டில் அனைவரும் நலம். குளிர்தான் என் முழங்காலோடு ஒத்துப்போக மறுக்கிறது. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு துளை. என் தேர்வு ஓவியத்தில் உன் பீடி போட்ட துளை அன்று.

சென்ற மாதம் மருமகன் என்னை வேக்ஃபீல்டுக்கு அழைத்துச் சென்றார். சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1903இல் பிறந்த ஊர் அது. அவர் பெயரிலேயே 2011இல் கால்டர் ஆற்றங்கரையில் ஒரு கலைக்கூடம் திறந்திருக்கிறார்கள். கல்லூரி நூலகத்தில், நடுவே துளையிட்ட அவருடைய சிற்பங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து, "அம்மையார் வடை செதுக்கியிருக்கிறார்" என்று நீ சொல்ல, நானும் சிரித்தேனே, அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

வீடு திரும்பியதும் அவருடைய சிற்பங்களை ஒட்டிச் தாள், மை, நூல் என்று பலவற்றைச் சேர்த்துச் செய்யும் சில கலப்பு ஊடகப் பயிற்சிகளைத் தொடங்கினேன். முதல் அட்டையில் பழுப்புத் தாளைக் கிழித்து முட்டை வடிவில் ஒட்டி, நடுவே கறுப்பு மையால் துளை வரைந்தேன். மை கொட்டியது போலத்தான் இருந்தது. இரண்டாவதில் அட்டையையே வெட்டி எடுத்தேன். துளை வழியே மகளுடைய மேசைவிரிப்பின் ரோஜாப்பூக்கள் எட்டிப் பார்த்தன. பிறகுதான், 1946இல் அவர் எல்ம் மரத்தில் செதுக்கிய 'பெலாகோஸ்' சிற்பத்தின் படத்தை உற்றுப் பார்த்தேன். வெளிப்புறத்தை மரமாகவே விட்டுவிட்டு, குடைந்த உட்புறத்துக்கு மட்டும் வெளிறிய வண்ணம் பூசியிருக்கிறார். வெளிச்சம் அங்கே போய்த் தங்கிவிடுகிறது. துளை என்றால் இருட்டு என்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்!

அந்தச் சிற்பத்தில் கரங்கள் போல வளைந்து வரும் இரு முனைகளுக்கும் இடையே இழைகளை இழுத்துக் கட்டியிருக்கிறார். கடலுக்கும் காற்றுக்கும் குன்றுகளுக்கும் தனக்கும் இடையே தாம் உணர்ந்த இழுவிசையே இத்தகைய இழைகள் என்பது அவர் தந்த விளக்கம். நானும் மூன்றாவது அட்டையில் தையல் நூலை விறைப்பாகக் கட்டினேன். காலையில் அட்டை அப்பளம் போல வளைந்து கிடந்தது. பின்புறம் மரச்சட்டம் அடித்த பிறகுதான் நிமிர்ந்தது.

நான்காவதுக்கு வழிகாட்டியது அவருடைய மருத்துவமனை ஓவியங்கள். 1944இல் தம் மகளுக்கு எலும்பு நோய் வந்தபோது பழக்கமான அறுவை மருத்துவர் ஒருவரின் அழைப்பின்பேரில், 1947 முதல் 1949 வரை அறுவை அரங்குகளில் நின்று பார்த்து, ஏறத்தாழ எண்பது ஓவியங்களைத் தீட்டியிருக்கிறார். ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு பூசிய பலகையில் எண்ணெய் வண்ணத்தை மெலிதாக இட்டு, பிளேடால் சுரண்டி, அதன்மேல் பென்சிலால் வரைவது அவர் முறை. அவ்வாறே ஜெஸ்ஸோ பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, நீலத்தைப் பூசிச் சுரண்டிக்கொண்டே வந்தேன். அடியிலிருந்து வெண்மை மெல்ல மேலேறியபோது, மாணிக்கம், துளைக்கு ஆழம் வந்துவிட்டது. கூட்டுவதால் வராதது சுரண்டியதால் வந்தது. சிற்பி வரைந்தால் அதுவும் செதுக்கல்தான் போலும்.

இவையெல்லாம் வெறும் நகல்தானே என்று நீ கேட்பாய். அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. ஐந்தாவதை எந்தப் படத்தையும் பாராமல் செய்வதாக இருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்ன்வாலில், செயின்ட் ஐவ்ஸ் ஊரில் இருந்த தம் பட்டறையிலேயே, 1975இல், 72ஆம் வயதில், தீயில் சிக்கி அவர் இறந்தார். சிகரெட் நெருப்பிலிருந்து பற்றியது என்கிறார்கள். அதைப் படித்த இரவு உன் இருமல்தான் நினைவுக்கு வந்தது. மருத்துவர் சொன்ன பிறகும் நீ விடவில்லை என்று தங்கை எழுதியிருந்தாள். இதில் எனக்கு வேடிக்கை பேசத் தோன்றவில்லை.

நான்காவது அட்டையை இத்துடன் அனுப்புகிறேன். சன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்துப் பார்; நேர் வெளிச்சத்தில் துளை தட்டையாகிவிடும். அதிலும் நூல் கட்டியிருக்கிறேன்; தளர்ந்திருந்தால் பின்னாலுள்ள முடிச்சை இழுத்துக்கொள். வடை என்று மட்டும் எழுதிவிடாதே.

அன்புடன்,
சுந்தரம்