சூளைப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை, ஒரு தொட்டில்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மழை ஓய்ந்ததும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு, ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்கிறார்கள். வாங்கிய முன்பணத்தைக் கழிக்க ரயிலேறும் இவர்களால், அடுத்த மழை தொடங்கும் வேளையில்தான் ஊர் திரும்ப முடிகிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பதே கூலிக்கணக்கு. ஆகையால் பச்சைக்கல்லைப் புரட்டிக் காயவைக்கும் வேலை பிள்ளைகள்மேல் விழுகிறது. கூலிப் பதிவேட்டிலோ அவர்களுடைய பெயர் ஏறுவதில்லை.

6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வியை உறுதிசெய்யும் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்கிறது. குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கைச் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். சூளை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானதா என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

தமிழ் வகுப்பில் ஒடியாப் பிள்ளையைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் போதாது. இங்கே பாடம் புரியாமலும், ஊர் திரும்பும்போது அங்கே பாடம் கடந்துபோயும், அப்பிள்ளை இரண்டு பள்ளிகளுக்கும் அந்நியமாகிவிடுகிறது. ஒடியா ஆசிரியர்களைக் கொண்டு சூளைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய முன்மாதிரி இம்மாவட்டத்திலேயே உண்டு. அதே வழியில், ஒடிசாப் பாடநூல்களுடன் ஒரு வகுப்பை இந்தப் பருவம் முழுவதும் நடத்த எங்கள் குழு முடிவு செய்துள்ளது.

வகுப்பைக் காட்டிலும் நாங்கள் வற்புறுத்திக் கேட்பது குழந்தைக் காப்பகத்துக்கான உதவியைத்தான். தாய் விடியுமுன்னே கல் அறுக்கப் போய்விட, கைக்குழந்தையை இடுப்பில் சுமப்பவள் எட்டு வயது அக்காள். தம்பிக்கு ஒரு தொட்டிலும் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் இல்லாதவரை, எவ்வளவு நல்ல ஆசிரியர் வந்தாலும் அவள் பலகையைத் தொடப்போவதில்லை. தொடக்கத்தில் எங்களுக்கும் இது விளங்கவில்லை. வகுப்பில் பையன்கள் மட்டுமே இருந்ததைக் கண்ட பிறகே விளங்கியது.

ஆசிரியர், ஆயா இருவரின் மாத ஊதியம், தகரக் கூரை, தொட்டில்கள், காய்ச்சிய பால், குடிநீர், பாடநூல், பலகை ஆகியவற்றுக்கே நன்கொடை செலவிடப்படும். ஒரு மாத ஊதியத்தை ஒருவரே ஏற்கலாம், நால்வர் சேர்ந்தும் ஏற்கலாம். பொருளாகத் தருவோர் பழைய துணிகளைத் தவிர்த்து, புதிய பாய்களும் போர்வைகளும் தருமாறு வேண்டுகிறோம். ஒவ்வொரு தொகைக்கும் பொருளாளரிடம் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்; வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் காப்பக வாசலில் ஒட்டப்படும்.

தை பிறப்பதற்குள் கூரை போட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்