ஊதாத் தொப்பிக்கு ஒரு நன்றி

அன்புள்ள எல்லாருக்கும்,

தம்பியின் ரிப்போர்ட் போன வாரம் வந்துவிட்டது. ரத்தத்தில் எச்.ஐ.வி. வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டரே போனில் கூப்பிட்டுச் சொன்னார். என்ன நடந்தது என்பது இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இப்போது தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "எழுதுக்கா, ஆனா என்னைப் பாவம் பார்த்து எழுதாதே" என்றான். சரி என்றேன்.

முதலில் மொத்தமாக ஒரு நன்றி. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கு. விடுமுறை முடிந்த பிறகும் முகம் கோணாமல் என் ஷிஃப்டை வாங்கிக்கொண்ட லேப் தோழர்களுக்கு. எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிகிச்சைக்கு உதவும் அரசின் ரயன் வைட் திட்டத்தின் படிவங்களை ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து நிரப்பித் தந்த கேஸ் மேனேஜருக்கு. மாத்திரைப் பையைக் கவுண்டரில் பெயர் சொல்லிக் கூவாமல் மடித்துக் கையில் கொடுத்த மருந்துக்கடைப் பெண்ணுக்கு. காரணம் கேட்காமலே சாம்பாரும் ரசமும் டப்பாவில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போன இருவருக்கு. யார் என்று எனக்குத் தெரியும், டப்பாக்களைத் திருப்பித் தருகிறேன்.

இனி, இங்கே டென்னஸியில், மெம்ஃபிஸின் தெற்குப் பகுதியில் இருக்கும் ஒரு கறுப்பினக் கிறிஸ்தவச் சபைக்கு. பெயரைப் போடவில்லை. போட்டால் தம்பி யார் என்று கண்டுபிடிப்பது சுலபமாகிவிடும். அவர்களுக்கும் பெயர் போட்டுக்கொள்வதில் பெரிய ஆசை இல்லை.

அவன் டாக்டரிடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததற்குப் பெரிய காரணம் விசா. "எச்.ஐ.வி. என்று தெரிந்தால் பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு காலத்தில் அது முழுப்பொய்யும் அல்ல. எச்.ஐ.வி. உள்ள வெளிநாட்டவர் அமெரிக்காவுக்குள் வருவதற்குத் தடை இருந்தது. அது நீங்கியது 2010 ஜனவரியில். இதை அவனுக்குச் சொன்னது வக்கீல் இல்லை, அந்தச் சபையின் டீக்கன் (பாஸ்டருக்கு உதவும் ஊழியர்) ஒருவர். என்னோடு லேபில் வேலை பார்க்கும் தோழி, "எங்கள் சர்ச்சில் மார்ச் முதல் வாரம் டெஸ்ட் வைக்கிறோம், சும்மா கூட்டிவா" என்று சொன்னாள். அப்படித்தான் போனோம்.

நான் எதிர்பார்த்தது வேறு. ஒரு மேசை, ஒரு பேனர், நாலு துண்டுப் பிரசுரம், அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்தேன். ஆராதனையின் நடுவில் பாஸ்டரே மேடையில் நின்றபடி டெஸ்ட் குச்சியை எடுத்து மேல் ஈறு, கீழ் ஈறு என்று ஒரு தடவை இழுத்து, திரவக் குப்பியில் போட்டார். ஆமென் சத்தம் கூரையைத் தூக்கியது. "முடிவு வர இருபது நிமிடம் ஆகும், என் பிரசங்கம் அதைவிட நீளம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்; அவன் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

டெஸ்ட் நடந்தது கீழே, ஞாயிறு பள்ளி வகுப்பறைகளில். குட்டி நாற்காலிகள், சுவரில் நோவாவின் பேழை. பக்கத்து ஹாலில் பொரித்த கோழியும் சோள ரொட்டியும் மணந்தன. ஒன்றை மட்டும் கவனித்தேன். முடிவு என்னவாக இருந்தாலும் எல்லாரையும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் உள்ளே உட்கார வைத்துப் பேசினார்கள். வெளியே வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரே மாதிரிப் பை. யாருக்கு ஒரு கோடு, யாருக்கு இரண்டு கோடு என்று ஹாலில் இருந்த யாராலும் சொல்ல முடியாது. லேபில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், ரகசியம் காப்பதைப் பற்றி நாங்கள் எழுதி மாட்டியிருக்கும் போர்டுகளைவிட இது மேல்.

தம்பிக்கு இரண்டு கோடு, அதாவது பாசிட்டிவ். இரண்டாவது டெஸ்ட் ரத்தத்தில் எடுத்து உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகு கிளினிக். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தக் கிளினிக் நாளைப் பற்றி.

காத்திருப்பு அறையில் நம் ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவன் பயம். மெம்ஃபிஸை ஒட்டிய கோலியர்வில்லிலும் ஜெர்மன்டவுனிலும் இருக்கும் நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் பார்த்தால் பொங்கல் விழாவுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு போவதாகச் சொன்னான். நான் வேலையை விட்டு வர முடியாத நாள் அது. அந்தச் சபையில் வயதான பெண்களை மதர் என்று கூப்பிடுவார்கள். எண்பதை நெருங்கும் ஒரு மதர், டெஸ்ட் நாளில் வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர், "நான் கூடப் போகிறேன்" என்று தோழி மூலம் சொல்லியனுப்பினார்.

வந்தார். செவ்வாய்க்கிழமை காலை, ஊதா நிறத்தில் முழு உடை, வெள்ளைக் கையுறை, அதே ஊதாவில் கைப்பை, தலையில் ஒரு தொப்பி. தெற்கத்திக் கறுப்பினச் சபைகளின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளைப் பார்த்திருக்கிறீர்களா? இது அதற்கும் ஒரு படி மேலே. விளிம்பு ஒரு சின்னப் பந்தல் அளவு. வலதுபுறம் ஒரு பெரிய இறகு, நடந்தால் ஆடும். முன்னால் வலைத்துணி, அதில் முத்துகள். இவன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு காரில் ஏறியதும் சொன்னாராம்: "அதைக் கழற்று தம்பி. திருடன் மாதிரி இருக்கிறாய். நான் இருக்கும்போது உன்னை யார் பார்க்கப் போகிறார்கள்?"

யாரும் பார்க்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண் எழுந்து நின்றாளாம். ஒரு தாத்தா போட்டோ எடுக்கலாமா என்று அனுமதி கேட்டார். ஒரு குழந்தை இறகைத் தொட்டுப் பார்த்தது. நர்ஸ்கள் உள்ளேயிருந்து ஒவ்வொருவராக வந்து, எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மதர் ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாகக் கடையின் கதையைச் சொன்னார். நடுவில் நம் ஊர்க்காரர் போல் ஒருவர் உள்ளே வந்தாராம். தம்பிக்குக் கை சில்லிட்டுவிட்டது. அவரும் தொப்பியைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே நாற்காலியில் இடித்துக்கொண்டார். இதைச் சொல்லும்போது தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பிறகு தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அந்தத் தொப்பி ஈஸ்டருக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருவது. அதை ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு, முன்பின் அறியாத, நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பையனுக்காக எடுத்திருக்கிறார். போன பின்னும் அவனைச் சர்ச்சுக்கு வா என்று ஒரு தடவைகூட அவர் அழைக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கியாயிற்றா என்று என்னிடம் கேட்டது நம் ஆட்கள் மட்டும்தான். இல்லை. கேட்டவர்களுக்கும் நன்றி.

நன்றி சொல்லப் போனபோது ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பாடகர் குழுவில் இருந்த பையன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், இரங்கல் அட்டையில் நிமோனியா என்றும் புற்றுநோய் என்றும் அச்சடித்தோம், அப்போது நான் யாரோடும் போய் உட்காரவில்லை என்றார். அத்தோடு பேச்சை மாற்றிவிட்டார்.

கறுப்பினச் சபைகள் எல்லாமே ஆரம்பத்திலிருந்து இப்படி இருந்தன என்று நான் சொல்லவில்லை. இது கடவுளின் தண்டனை என்று பிரசங்கித்த மேடைகளும் உண்டு. அதை மாற்ற முதலில் கிளம்பியவர்களில் ஒருவர் பெர்னெஸ்ஸா சீல். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் நோய் எதிர்ப்பியல் வேலை பார்த்தவர். எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஜெபிக்க யாரும் வருவதில்லை என்று கண்டு, 1989-இல் அங்குள்ள சர்ச்சுகளையும் மசூதிகளையும் கூட்டி ஒரு ஜெப வாரம் நடத்தினார். அதிலிருந்து வளர்ந்த 'தி பாம் இன் கிலியட்' அமைப்பு நாடு முழுவதும் சபைகளைச் சேர்த்தது. மார்ச் முதல் வாரத்து டெஸ்ட் எங்களுக்கு வந்தது அந்த வழியில்தான்.

ஆஸ்பத்திரி இருக்க ஏன் சர்ச்சில் டெஸ்ட் என்று டீக்கனிடம் கேட்டேன். டஸ்கீகி என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். பக்கத்து மாநிலமான அலபாமாவில், 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களை அரசு மருத்துவர்கள் சிகிச்சை கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. தாத்தாவுக்கு அது நடந்திருந்தால் பேரன் ஊசிக்குக் கையை நீட்டுவானா? தனக்குத் தெரிந்த முகம், தெரிந்த கட்டடம் என்றால் நீட்டுவான். அமெரிக்க மக்கள்தொகையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே இருக்கும் கறுப்பின மக்களிடம், புதிதாகக் கண்டறியப்படும் எச்.ஐ.வி.யில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இருக்கிறது. 2023-இல் டென்னஸி மாநிலம் மத்திய அரசின் எச்.ஐ.வி. தடுப்பு நிதியே வேண்டாம் என்று சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த வகுப்பறை மேசையின் அருமை புரியும்.

நாமோ? இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்ததே 1986-இல், சென்னையில். சுனிதி சாலமன் டாக்டரும் அவரிடம் படித்த நிர்மலாவும் செய்த வேலை அது. நான் வளர்ந்த காலத்தில் சுவரெல்லாம் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்துப் புள்ளிராஜா. பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு டெஸ்டுக்குப் போகலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 13 முதல் 64 வயது வரை உள்ள எல்லாரும் ஒருமுறையாவது டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2006-இலேயே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லிவிட்டது. யோக்கியன், அயோக்கியன் என்று அதில் பிரிவு இல்லை.

அதோடு இன்னொன்று, குறிப்பாக டப்பா வைத்துவிட்டு வீட்டுக்குள் வரத் தயங்கியவர்களுக்கு. தினம் ஒரு மாத்திரை தவறாமல் எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூட அது இன்னொருவருக்குப் போவதில்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் ஒரே சோபாவில் உட்காருவதாலும் எந்தக் காலத்திலும் பரவியதில்லை. உள்ளே வாருங்கள், காபி போடுகிறேன்.

நம் கோயிலில் வருஷா வருஷம் நடக்கும் மருத்துவ முகாமில் சர்க்கரை பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், கண் பார்க்கிறோம். இந்த வருஷம் எச்.ஐ.வி. டெஸ்டும் வைக்காமல் நான் விடப்போவதில்லை. கமிட்டியில் ஒருவர் "கோயில்லயா இதைப் போய்?" என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார். வேறெங்கே என்று நான் திருப்பிக் கேட்டிருக்கிறேன். பயிற்சி பெற்ற ஆட்களைத் தருவதாகச் சபையின் சுகாதாரக் குழு சொல்லியிருக்கிறது. தனி அறை, திரை, ஒரே மாதிரிப் பைகள் எல்லாவற்றையும் அவர்களைப் பார்த்து அப்படியே செய்வோம். முதல் குச்சி எனக்கு, எல்லார் முன்னாலும்தான். கமிட்டிக் கூட்டம் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, மாலை. என் பக்கம் கை தூக்க ஆள் குறைகிறது. வர முடிந்தவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா