ஸ்டூடியோ சீனரிக்குள்ளிருந்து அப்பாவுக்கு

இன்வர்னஸ், ஸ்காட்லாந்து,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, தம்பி எல்லாரும் நலமா? தினமும் வாட்ஸப்பில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு இப்போது எதற்குக் கடிதாசி என்று அம்மா கேட்பாள். உள்ளே மூன்று பிரிண்ட் வைத்திருக்கிறேன், அதற்காகத்தான். போனில் அனுப்பினால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு "ம், நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போய்விடுவீர்கள். பேப்பரைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, அப்புறம் என்னைத் திட்ட வேண்டும்.

கேமரா கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இங்கே ஒரு சாரிட்டி ஷாப்பில் (பழைய சட்டை, புத்தகம், பீங்கான் கோப்பை எல்லாம் தானமாக வாங்கி விற்கிற கடை) ஒலிம்பஸ் ட்ரிப் 35 ஒன்று பதினைந்து பவுண்டுக்குக் கிடந்தது. 1967இல் வந்து 1984 வரை செய்த மாடல். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி ஒரு வளையம் இருக்கிறது, அதுதான் செலினியம் செல், வெளிச்சம் பட்டால், அந்த வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே கொடுத்துக்கொள்ளும், பேட்டரி போடவே இடமில்லை. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கையால் லென்ஸை மூடிப் பட்டனை அழுத்தினேன், வியூஃபைண்டருக்குள் சிவப்பாக ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது, பட்டன் அமுங்க மாட்டேன் என்றது. கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் அழுத்தினால் க்ளிக். வாங்கிவிட்டேன்.

உங்கள் யாஷிகா கேமராவின் பக்கத்தில் வைத்தால் இது எழுத்தறியாத பிள்ளை. ஷட்டர் வேகம் இரண்டே இரண்டு, நாற்பதில் ஒரு பங்கு, இருநூறில் ஒரு பங்கு, எது வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்துகொள்ளும். ஃபோகஸுக்கு நான்கு பொம்மை போட்டிருக்கிறான்: ஒரு தலை, இரண்டு பேர், ஒரு கூட்டம், மலை. நான் அதை மலையை விட்டு நகர்த்துவதே இல்லை. நகர்த்த ஆள் வேண்டுமே.

முதல் ரோல் மொத்தமாகப் போச்சு. ஃபிலிம் ஸ்பூலில் மாட்டவே இல்லை, நான் பாட்டுக்கு வெறும் கேமராவை 36 தடவை க்ளிக் செய்துகொண்டு ஆற்றங்கரையெல்லாம் சுற்றியிருக்கிறேன். சுற்றும்போது ரீவைண்ட் கைப்பிடியும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று நம் ஸ்டூடியோவுக்கு வருகிற பையன்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்ததை எத்தனை தடவை கேட்டிருப்பேன், அப்போதெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதாக நடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ரோலில் ஓரமெல்லாம் வெள்ளைக் கீற்று. பின்கதவு இடுக்கில் வெளிச்சத்தை அடைக்க வைத்த ஃபோம் மக்கித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலைப் பசை வைத்து ஒட்டினேன், இப்போது பிரச்சினை இல்லை.

சரி, ஊர். நம் ஸ்டூடியோவில் ஒரு சீனரித் திரை இருந்ததே, ஏரி, அன்னம், பின்னால் உச்சியில் பனியோடு மூன்று மலை? தென்காசியில் கல்யாணமான பாதிப் பேர் அதன் முன்னால்தான் நின்றிருப்பார்கள். நான் இப்போது அதற்குள்தான் குடியிருக்கிறேன் அப்பா. ஏரியை இங்கே லோக் என்கிறார்கள், அன்னம் நிஜமாகவே மிதக்கிறது. ஆனால் வரைந்தவர் மலையை ரொம்ப ஒழுங்காக வரைந்துவிட்டார். இங்கே ஒரு மலையும் ஒழுங்காக நிற்கவில்லை, பாதி மேகத்துக்குள் இருக்கும், மீதி ஈரப் புல்லாக இருக்கும், மரமே இருக்காது. உயரமும் அப்படி ஒன்றும் கிடையாது. பிரிட்டனிலேயே பெரிய மலை பென் நெவிஸ், 1,345 மீட்டர், நம் பொதிகையே 1,868. தொட்டபெட்டாவில் ஏறக்குறைய பாதி. இதை வேலை செய்யும் இடத்தில் சொன்னேன், யாரும் ரசிக்கவில்லை.

மழையைப் பற்றி எழுதினால் குற்றாலத்துக்காரர்கள் பொறாமைப்படக்கூடும். வருஷம் முழுக்கச் சாரல்தான், ஆனால் நம் சாரலில் நனைந்தால் சிரிப்பு வரும், இதில் நனைந்தால் எலும்பு நோகும். இந்த மாதிரி நாளைச் சொல்ல ஸ்காட்லாந்துக்காரர்களிடம் ட்ரீக் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, சொல்லும்போதே தொண்டையில் சளி கட்டினது போலக் கேட்கும்.

"பத்து மணிக்கு மேல நாலு மணிக்குள்ள வெளியில படமெடுக்கிறவன் போட்டோகிராபரே இல்ல" என்பீர்களே, அந்தச் சட்டத்தை இங்கே கடைப்பிடித்தால் டிசம்பரில் ஒரு படமும் கிடைக்காது. காலை ஒன்பதுக்குத்தான் விடிகிறது, மூன்றரைக்கு அஸ்தமனம். ஆனால் நடுமத்தியானத்திலும் சூரியன் வானத்தின் ஓரத்தை விட்டு ஒரு முழத்துக்கு மேலே ஏறாது. உங்களுக்கு நாளில் அரை மணி நேரம் கிடைக்கிற அந்தச் சாய்ந்த வெயில் எனக்கு, மேகம் விட்டால், பகல் முழுக்கக் கிடைக்கிறது. ஜூனில் தலைகீழ், இரவு பத்தே காலுக்குத்தான் சூரியன் மறையும், நைட் ஷிப்டுக்குப் பட்டப்பகலில் கிளம்பிப் போவேன்.

ஃபிலிம் இல்ஃபோர்ட் எச்பி5, 400 ஸ்பீட். ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிமை நீங்கள் உள்ளூர்ச் சரக்கு என்று பெருமையாகச் சொன்ன மாதிரி நானும் சொல்லலாம், இது இங்கிலாந்தில் செஷயரில் தயாராவது. ஒரு ரோல் நம் காசுக்கு ஆயிரம் ரூபாய் பக்கம் வருகிறது, அதனால் மாதம் இரண்டுக்கு மேல் இல்லை. கழுவுவது குளியலறையில்தான். கூட இருக்கும் கோட்டயத்து சேச்சி முதலில் முகம் சுளித்தாள், இப்போது டேங்கை அவளே கவிழ்த்துக் கொடுக்கிறாள், "எத்ர மினிட்டாயி?" என்று கேட்டுக்கொண்டே. ஐடி-11 டெவலப்பர், இருபது டிகிரியில் ஏழரை நிமிஷம். அந்த இருபது டிகிரிக்குத்தான் சிரிப்பு வந்தது. மே மாதத்தில் நீங்கள் ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கி வந்து ட்ரேயைச் சுற்றி வைத்துக்கொண்டு, ஜெலட்டின் இளகிவிடுமே என்று பயந்து பயந்து வேலை செய்வீர்கள். குழாயில் வருகிற தண்ணீர் இங்கே ஃபிரிட்ஜ் தண்ணீர் மாதிரி இருக்கிறது, நான் கெட்டிலில் சுட வைத்து ஊற்றுகிறேன்.

போன ஜனவரியில் ஏவிமோர் போய்ப் பனியை எடுத்தேன். ஒரு ரோல் முழுக்கப் பனி சாம்பல் மாதிரி வந்தது, அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டினது போல. மீட்டருக்கு எதைக் காட்டினாலும் நடு சாம்பல்தான் தெரியும் என்பது படித்துத் தெரியும், பட்டால்தானே புத்தி வரும். இதில் திருகிக் கூட்டிக் குறைக்க ஒன்றுமில்லை, ஸ்பீட் வளையத்தை 400இலிருந்து 200க்கு ஏமாற்றி வைத்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறக்கிறது, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். அடுத்த தடவை பனி பனியாக வந்தது. முதல் பிரிண்ட் அதுதான்.

மஞ்சள் ஃபில்டர் போடு என்று போனில் சொன்னீர்கள். வாங்கினேன், ஒரு கிறுக்குப் பிடித்த அளவு இதற்கு, 43.5 மில்லிமீட்டர், தேடித்தான் வாங்க வேண்டியிருந்தது. செல் லென்ஸைச் சுற்றியே இருப்பதால் ஃபில்டர் அதையும் சேர்த்து மூடிவிடுகிறது, எக்ஸ்போஷர் கணக்கு நாம் போட வேண்டாம், அது வசதி. ஆனால் அப்பா, மஞ்சள் ஃபில்டர் கறுக்க வைப்பது நீலத்தை. நீலம் இருந்தால்தானே? வெள்ளை மேகம் மூடிய வானத்தில் அது ஒன்றும் செய்வதில்லை. நீங்கள் சொல்லி நான் முதன்முதலாகக் கேட்காமல் விட்ட பாடம் இது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போதெல்லாம் வானத்தைக் கீற்றாக மேலே விட்டுவிட்டுத் தரையைத்தான் எடுக்கிறேன்.

தரையை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த இரண்டாவது பிரிண்ட் கிடைத்தது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து கைல் ஆஃப் லோகால்ஷுக்கு ஒரு ரயில் போகிறது, இரண்டரை மணி நேரம், வழியெல்லாம் மானும் சதுப்புமாக. அங்கிருந்து பஸ்ஸில் பாலம் தாண்டினால் ஸ்கை தீவு. பிராட்ஃபோர்டில் ஒரு இரவு தங்கி மறுநாள் காலையில் போரரைக் என்ற இடத்துக்கு நடந்தேன், பழைய சலவைக்கல் சுரங்கத்து ரயில் பாதை மேலேயே கொஞ்ச தூரம். கடலோரத்தில் ஒரு பச்சைச் சரிவு, கூரையில்லாத கல் சுவர்கள் அங்கங்கே, ஆடுகள். வேறு ஒன்றுமில்லை. போனில் கலரில் ஒன்று எடுத்தேன், பழுப்புப் புல்லாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இந்த ட்ரிப் கேமராவில் ஒன்று எடுத்தேன். கழுவித் தொங்கவிட்டு நெகட்டிவ்வை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோதுதான், அந்தச் சரிவு முழுக்கக் கோடு கோடாக, சீப்பால் வாரி விட்டதுபோல, நான் நின்ற இடத்தில் கண்ணுக்குப் பட்டும் படாமலும் இருந்தது, பாத்தி பாத்தியாகத் தெரிந்தது.

உருளைக்கிழங்கும் ஓட்ஸும் போட்ட மேட்டுப்பாத்திகள் அவை. ஏர் போக முடியாத சரிவில் மண்வெட்டியால் மண்ணை அணைத்து, கடற்பாசியை முதுகில் சுமந்து வந்து உரமாகப் போட்டு விவசாயம் செய்திருக்கிறார்கள். 1853இல் நிலத்துக்காரர்கள் ஆடு மேய்க்க இடம் வேண்டும் என்று அந்த ஊரையே காலி செய்துவிட்டார்கள். போரரைக் மட்டும் இல்லை, பக்கத்து சூஷ்னிஷ், இன்னும் எத்தனையோ ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நூறு வருஷம் போல இது நடந்திருக்கிறது, கனடா, ஆஸ்திரேலியா என்று கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். சுற்றுலா வருகிறவர்கள் "ஆஹா, ஆளே இல்லாத மலை" என்று வியந்துகொண்டு போகிறார்கள், நானும் போன வருஷம் வரை அந்தக் கூட்டம்தான்.

நூற்று எழுபது வருஷமாகப் புல் மூடிக் கிடக்கிறது, இருந்தும் சாய்ந்த வெயில் காட்டிக்கொடுத்துவிட்டது. அம்மைத் தழும்பு இருக்கிற முகங்களுக்கு நீங்கள் பக்கவாட்டு விளக்கை அணைத்துவிட்டு நேர் வெளிச்சம் மட்டும் போடுவீர்கள் இல்லையா, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படம், குழி தெரியக் கூடாது என்று. அதுதான் ஞாபகம் வந்தது. கலரில் கண் புல்லின் நிறத்திலேயே நின்றுவிடுகிறது, நிறத்தை எடுத்துவிட்டால் மேடும் பள்ளமும் மட்டும்தான் மிச்சம்.

அந்தப் பிரிண்டை வேலைக்கு எடுத்துப் போனேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், தொண்ணூறு தாண்டியவர், தீவுப் பக்கம் பிறந்தவர், மருந்து கொடுக்கும் நேரம் தவிர என்னோடு அதிகம் பேச மாட்டார். படத்தை வாங்கி விரலால் கோடுகளைத் தடவிக்கொண்டே "ஃபியானகன்" என்றார், கேலிக் பாஷையில் அந்தப் பாத்திக்குப் பெயர். இங்கிலீஷில் இதற்கு லேசி பெட் என்று பெயர், சோம்பேறிப் பாத்தி. அதைச் சொன்னதும் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது, கடற்பாசிக் கூடையைச் சோம்பேறியா தூக்குவான் என்று. அப்புறம் என் ஊரில் வீடு இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று கேட்டார். ஆள் இருக்கிறது என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் படத்தை அவரே வைத்துக்கொண்டார், உங்களுக்கு அனுப்புவது மறுபடி போட்ட பிரிண்ட்.

மூன்றாவதும் அதே இடம்தான், இடிந்த சுவரோடு. பிரிண்ட் போட இங்கே ஒரு கலை மையத்தில் டார்க் ரூம் வாடகைக்குக் கிடைக்கிறது, ஹைப்போ வாடை மூக்கில் ஏறியதும் எட்டு வயசுக்குப் போய்விட்டேன், கதவைத் தட்டாமல் திறந்ததற்கு நீங்கள் போட்ட சத்தம் உட்பட. இந்தப் படத்தில் வானம் வெறும் பேப்பராக வெளுத்து நின்றது. நீங்கள் செய்வதுபோலக் கையை ஆட்டி ஆட்டித் தரையை மறைத்து, வானத்துக்கு மட்டும் இன்னும் பன்னிரண்டு விநாடி வெளிச்சம் விட்டேன். ஐந்து பேப்பர் பாழ். ஆறாவதுதான் இது, இதிலும் சுவருக்கு இடது பக்கம் மலை விளிம்பில் என் கை தடுமாறிய இடம் தெரிகிறது என்று எனக்குச் சந்தேகம், சேச்சி தெரியவில்லை என்கிறாள், அவளுக்கு என்ன தெரியும். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். தப்பு எங்கே என்று பேப்பரின் பின்பக்கம் பென்சிலால் வட்டம் போட்டு, தம்பியிடம் கொடுத்துப் போனில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை டார்க் ரூமில் இரண்டு மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன், கடிதம் அதற்குள் வந்து சேராது, சேராவிட்டால் அதற்கடுத்த சனிக்கிழமை.

அம்மாவிடம் சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள். இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது.

உங்கள் மகள்