அக்காவுக்கு, பான் நகரத்திலிருந்து

பான், மே 14

அன்புள்ள அக்கா,

நாளைக்குக் குடியாத்தத்தில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டையிலிருந்து அம்மன் சிரசு கிளம்பும்போது மறக்காமல் வீடியோ கால் போடு, இங்கே அப்போது நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுந்துகொள்கிறேன். போன வருஷம் கால் போட்டுவிட்டு போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார் மாமா. அரை மணி நேரம் மேளச் சத்தமும் அவர் பாக்கெட்டின் இருட்டும்தான் எனக்குக் கிடைத்த தரிசனம்.

போன வாரம் போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். வளைகாப்பு வீட்டில் யாரோ "தம்பி ஜெர்மனில இன்னா பண்றாரு?" என்று கேட்க, நீ சயின்டிஸ்ட் என்று சொல்ல, அவர்கள் ராக்கெட்டா என்று கேட்க, அம்மா நடுவில் புகுந்து "ராக்கெட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, ஏதோ கணக்கு போட்டுக்கினு கீறான்" என்றாளாமே. அம்மா சொன்னதுதான் சரி. ஆனால் என்ன கணக்கு என்று இத்தனை வருஷத்தில் உங்கள் யாருக்கும் நான் உருப்படியாகச் சொன்னதில்லை, போனில் ஆரம்பித்தால் உடனே "சாப்பிட்டியா" வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி, அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

முதலில் ஊர் சமாச்சாரம். பான் சின்ன ஊர்தான். ஒரு காலத்தில் மேற்கு ஜெர்மனிக்குத் தலைநகரம் என்று சொன்னால் நம்ப மாட்டாய், அத்தனை அமைதி. ரைன் ஆறு நிறையத் தண்ணீரோடு ஓடுகிறது, பாலாற்றையே பார்த்து வளர்ந்தவனுக்கு முதல் மாதம் அதுவே வேடிக்கையாக இருந்தது. இப்போது ராத்திரி ஒன்பது மணிவரை வெளிச்சம். நீங்கள் அங்கே கத்திரி வெயிலில் வெந்துகொண்டிருக்க, நான் இன்னும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே போகிறேன், திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைக்காவிட்டால் பட்டினிதான். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தளத்தில் இருக்கும் பொது வாஷிங் மெஷினில் துணி போட்டுவிட்டேன். அது ஒரு குற்றம் என்று எனக்கு எப்படித் தெரியும்? மேல் வீட்டுப் பாட்டி இறங்கி வந்து, கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, இன்று சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

துணி துவைப்பதில் தொடங்கியதும் நல்லதாயிற்று, ஏனென்றால் நான் கணக்குப் போடும் துகளுக்கு வைத்த பெயரே ஒரு சோப்புத்தூளின் பெயர்தான். ஆக்ஸியான். 1978-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் வில்செக் என்ற இயற்பியலாளர், இந்தத் துகள் ஒரு பழைய கறையை நீக்குகிறது என்று சொல்லி, கடையில் பார்த்த சலவைத்தூளின் பெயரை அப்படியே வைத்துவிட்டார். நம்மூரில் கண்டுபிடித்திருந்தால் ரின் என்று வைத்திருப்பார்கள்.

என்ன கறை? நேதாஜி மார்க்கெட்டில் பழைய முள் தராசு ஞாபகம் இருக்கிறதா? ஒரு கடைக்குப் போகிறாய், தட்டில் என்னென்னவோ கிடக்கிறது, ஆனாலும் முள் மயிரிழைகூட விலகாமல் நட்ட நடுவில் நிற்கிறது. தற்செயல் என்றா நினைப்பாய்? யாரோ கையால் பிடித்திருக்கிறான் என்றுதானே தோன்றும். நியூட்ரான் அப்படித்தான் இருக்கிறது. அதற்குள் குவார்க் என்று இன்னும் சின்னத் துகள்கள் மூன்று, ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், இரண்டுக்கு எதிர் மின்னூட்டம். அவை கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கலாம், நமக்குத் தெரிந்த எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அளந்து பார்த்தால் சாய்வே இல்லை, இருந்தாலும் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவுதான். 1977-ல் பெச்சே, குவின் என்ற இரண்டு பேர் சொன்னார்கள்: அந்த முள்ளை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அது சுதந்திரமாக ஆடக்கூடிய முள், தானாகவே நடுவில் வந்து நின்றுவிட்டது. அப்படி ஆடும் முள்ளின் ஆட்டம்தான் ஆக்ஸியான். இன்னும் அழகு என்னவென்றால், அந்த ஆட்டம் முழுக்க அடங்காமல் பிரபஞ்சம் முழுவதும் மெல்லியதாக மிச்சம் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாமல் எடை மட்டும் காட்டும் கரும்பொருள் அதுவாகவே இருக்கலாம். இதுவரை யாரும் ஆக்ஸியானைப் பார்த்ததில்லை. இல்லாமலே போகலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் இந்த வேலைக்கு வந்தேன்.

சரி, இதில் என் பங்கு எங்கே? மீசான்களில். அணுக்கருவுக்குள் புரோட்டானையும் நியூட்ரானையும் ஒட்டி வைப்பது எது என்று கேட்டு, 1935-ல் ஜப்பானில் யுகாவா ஒரு துகளைக் காகிதத்திலேயே கணித்தார். மீசோட்ரான் என்று சொல்லிக்கொண்டிருந்த பெயரை மீசான் என்று சுருக்கச் சொன்னது நம்ம ஹோமி பாபா, 1939-ல். உன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லு: கொல்கத்தாவில் பிபா சௌத்ரி என்ற பெண், டி. எம். போஸோடு சேர்ந்து, டார்ஜிலிங் மலையில் புகைப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வெயிலிலும் பனியிலும் வைத்து, வானத்திலிருந்து விழும் இந்தத் துகள்களின் தடங்களைத் தேடினார். போர்க்காலம், நல்ல தகடு கிடைக்கவில்லை. அதே வழியில் மேலான தகடுகளை வைத்து 1947-ல் இங்கிலாந்தில் பவலின் குழு, யுகாவா சொன்ன அந்த மீசானை, இப்போது பையான் என்கிறோமே அதை, பிடித்தது, 1950-ல் நோபலும் பவலுக்குப் போனது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

பையான் என்பது மீசான்களிலேயே எடை குறைந்தது, எலக்ட்ரானைப் போல ஏறக்குறைய 273 மடங்கு. மின்னூட்டம் உள்ள பையானின் ஆயுசு, ஒரு நொடியைப் பத்துக் கோடியாக வெட்டினால் அதில் இரண்டரைத் துண்டு. இப்போது சும்மா இருக்கும் இடத்தில் பையானைப் பார்க்க முடியாது, ஆனால் பிரபஞ்சம் பிறந்து ஒரு நொடியின் லட்சத்தில் சில பங்கு ஆனபோது, வெப்பம் ஒன்றரை லட்சம் கோடி டிகிரிக்கும் மேலே இருந்தபோது, எங்கு பார்த்தாலும் பையான்தான், சிரசு அன்றைக்கு ஆற்றங்கரை மாதிரி. இடித்துக்கொண்டும் மோதிக்கொண்டும் திரிந்தன. அப்படி இரண்டு பையான் மோதிப் பிரியும்போது, அபூர்வமாக ஒன்று ஆக்ஸியானாகப் போய்விடும். எத்தனை மோதலுக்கு ஒரு முறை? அதுதான் அம்மா சொல்லும் "ஏதோ கணக்கு".

அது ஏன் முக்கியம் என்றால், அப்படிப் பிறந்த சூடான ஆக்ஸியான்கள் அதிகமாக இருந்திருந்தால் பிரபஞ்சம் விரிந்த வேகமே மாறியிருக்கும், 3,80,000 வருஷம் கழித்துக் கிளம்பிய பழைய ஒளியில் அந்தத் தடம் இருந்திருக்கும். பிளாங்க் செயற்கைக்கோள் அந்த ஒளியை அளந்ததில், நமக்குத் தெரிந்த நியூட்ரினோ என்ற லேசான துகளின் மூன்று வகைகளுக்கு மேல், வேறெந்தச் சூடான துகளும் கூட்டம் சேர்ந்த மாதிரி தெரியவில்லை. ஆக, ஆக்ஸியான் இருந்தாலும் அதற்கு விடும் இடம் கொஞ்சம்தான், எவ்வளவு கொஞ்சம் என்று சொல்ல என் கணக்கு வேண்டும்.

இங்கேதான் சிக்கல். உன் கல்யாணத்துக்கு அப்பா பட்ஜெட் போட்டாரே, மண்டபம், சாப்பாடு, நகை என்று பெரிய செலவை எழுதிவிட்டு, கடைசியில் "சில்லறை" என்று ஒரு வரி எழுதினாரே, முடிவில் அந்தச் சில்லறை மண்டபத்தைவிட அதிகமானது ஞாபகம் இருக்கிறதா. பையான் மோதலுக்கும் அப்படி ஒரு பட்ஜெட் முறை உண்டு, முதல் வரி பெரியது, அடுத்த வரி சின்னத் திருத்தம், அதற்கடுத்தது அதைவிடச் சின்னது. பல வருஷமாக எல்லோரும் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொன்னார்கள். 2021-ல் ஒரு குழு இரண்டாவது வரியையும் போட்டுப் பார்த்தது. 70 ஆயிரம் கோடி டிகிரியைத் தாண்டினாலே திருத்தம் சின்னதாக இல்லை! நமக்கு வேண்டிய சூடோ அதைவிட அதிகம். அதனால் இப்போது சிலர், பையான்கள் உண்மையில் எப்படிச் சிதறுகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து வைத்ததை எடுத்துக் கணக்கில் நேராகப் போடுகிறார்கள். இரண்டு பையான் சேர்ந்து ஒரு கணம் ரோ என்ற கனமான மீசானாகிப் பிரிவதெல்லாம் அந்த அளவீட்டில் தானாக வந்துவிடும், பட்ஜெட்டுக்கு அது வரப்போவதே தெரியாது. நானும் அந்த வழியில்தான் எட்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அதில் நாலு மாதம் வீண். விடை சரியாக இரண்டு மடங்காக வந்துகொண்டே இருந்தது. ஒரே மாதிரியான இரண்டு பையானை இடம் மாற்றி வைத்தால் அது புது ஜோடி இல்லை, அதே ஜோடிதான், குவாண்டம் உலகத்தில் இது அரிச்சுவடி. நான் இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். என் வழிகாட்டி அம்மையார் கரும்பலகையில் பாதியாக்கும் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் காபி குடிக்கப் போய்விட்டார். வெட்கத்தில் இரண்டு நாள் ஆபீஸ் பக்கமே போகவில்லை. இன்னொன்று, பையான்களுக்குக் கூட்டம் பிடிக்கும், ஏற்கெனவே கூட்டம் இருக்கும் நிலையில் இன்னும் போய்ச் சேரும், ஆம்பூரில் கும்பல் நிற்கும் பிரியாணிக் கடையிலேயே நாமும் போய் நிற்பதுபோல. அதையும் சேர்த்தால் எண்ணிக்கை மாறுகிறது. அந்த வேலை இன்னும் பாக்கி.

போன மாதம் பக்கத்தில் எஃபெல்ஸ்பெர்க் என்ற இடத்துக்குப் போனேன். 100 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி, பள்ளத்தாக்குக்குள் வைத்திருக்கிறார்கள். 1972-ல் வேலை செய்யத் தொடங்கியது என்று பலகையில் படித்ததும் நம்ம பக்கத்துக் காவலூர் வானாய்வகம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்ததும் அதே 1972-தான், அதுவும் யேனாவில் செய்த ஜெர்மன் சாமான். ஸ்கூல் டூரில் ஆலங்காயம் தாண்டி மலையேறும்போது வாந்தி எடுத்து உன் புதுப் பாவாடையைப் பாழாக்கினேனே, அந்த டூர்தான். அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. இங்கேயும் நான் போன அன்று மழை. ஆனால் ரேடியோவுக்கு மேகம் ஒரு பொருட்டில்லை.

அப்பாவிடம் ஒன்று மட்டும் சொல். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது, ஓர் இழை சற்றுத் தடித்திருந்தால் அது லுங்கி முழுக்க நீளமாக வரும் என்பாரே. பிரபஞ்சமும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். முதல் கணத்தில் அணுவைவிடச் சின்ன அளவில் இருந்த குவாண்டம் நடுக்கங்கள் விரிவில் இழுபட்டு நீண்டு, அந்தப் பழைய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கமாகத் தெரிகின்றன, பிறகு அந்த மேடுகளில்தான் நட்சத்திரக் கூட்டங்கள் திரண்டன. அப்பா என்ன சொல்வார் என்று தெரியும், "அப்ப பாவு போட்டவன் சரியில்ல".

பார்சல் அனுப்பினால் இரண்டு லுங்கி வை, நம்ம தறியில் நெய்தது. கடையில் வாங்கி வைத்துவிட்டு நம்முடையது என்று சொல்லாதே, கரையைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவேன். பருப்புப்பொடி கொஞ்சம். மாமாவுக்குப் போனை வெளியே பிடிக்கச் சொல்லிக்கொடு. அப்புறம், வளைகாப்பு வீட்டில் இனி யாராவது கேட்டால் சோப்புக் கம்பெனி என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தம்பி