சாவி வாங்கும் அன்றே அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் வாடகை ஏறுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் பணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கிடைத்தவரை போதும் என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறோம்.

குரோம்பேட்டையில் 14,000 ரூபாய் வாடகையில் ஆறு வருடம் இருந்தோம். அட்வான்ஸ் ஒரு லட்சம். மகனின் கல்லூரிக்குப் பக்கமாக ஊரப்பாக்கம் போக முடிவானதும், ஒப்பந்தப்படி ஒரு மாதம் முன்பே வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டோம். "புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்" என்றார். புது வீட்டுக்காரரோ முழு அட்வான்ஸும் கைக்கு வராமல் சாவி தர மாட்டார். நடுவில் மாட்டிக்கொள்பவர் குடியிருப்பவர்தான். என் வளையல்களை வங்கியில் அடகு வைத்துத்தான் புது வீட்டில் பால் காய்ச்சினோம். எங்கள் பணம் அவரிடம் இருக்க, வட்டி கட்டியது நாங்கள்.

கடைசியில் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தார். பெயிண்டிங் 14,000, கரண்ட் 2,860, குழாய் 1,200, ஆணி அடித்த ஓட்டைகளுக்கு 2,000. எதற்கும் ரசீது கிடையாது.

கரண்ட் கணக்கைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏசி ஓடிய கோடை மாத பில் தொகையை அப்படியே எழுதியிருந்தார். அந்த பில்லை நாங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டோம். அதற்குப் பிறகு நாங்கள் இருந்தது சில வாரங்கள்தான். சாவி கொடுத்த அன்று மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தேன். பழைய ரீடிங்கைக் கழித்துப் பார்த்தால் 148 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக 48 யூனிட்டுக்கு 2,860 ரூபாயா? படத்தைக் காட்டியதும் பேசாமல் அந்த வரியை அடித்தார். மற்ற மூன்றும் அப்படியே நின்றன.

பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பது இந்த ஊரில் எழுதாத சட்டமாகிவிட்டது. ஆறு வருடத்தில் சுவர் மங்கத்தான் செய்யும். அதற்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் வாடகை கொடுத்தோம்? எங்களுக்குப் பின் வந்தவர்கள் அதே மங்கிய சுவரோடுதான் குடியேறினார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அப்படியானால் அந்த 14,000 எதற்கு?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கி மட்டும் போக, மீதியைத் திருப்பித் தரச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. ஆனால் மூன்று மாத வரம்புக்கு மாறாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள அதே சட்டம் இடமும் கொடுக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவர் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டார்? வாடகை ஆணையத்தில் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த குடும்பங்களிலெல்லாம் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு சரி.

உரிமையாளர்கள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. வாடகையை நம்பியே மருந்து வாங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பல மாத வாடகையை நிறுத்திவிட்டுச் சொல்லாமல் போகிறவர்களும் உண்டு. வாஷ்பேசினை உடைத்தவர் அதற்கான காசைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கடை பில்லைக் காட்டி வாங்கட்டும். ஊரப்பாக்கத்து ஒப்பந்தத்தில் பெயிண்டிங் வரியை எடுக்கச் சொன்னேன். புது வீட்டுக்காரர் மறுப்பு சொல்லாமல் எடுத்துவிட்டார். கேட்டால் நடக்கிறது. ஆனால் இது கேட்கத் துணிந்தவருக்கு மட்டும் கிடைக்கிற நியாயமாக இருக்கக் கூடாது.

ஆகவே அரசுக்கு என் கோரிக்கை: மூன்று மாத வரம்பை ஒப்பந்தம் எழுதி மீற முடியாதபடி சட்டத்தைத் திருத்துங்கள். காலி செய்யும் நாளில் இருவரும் சேர்ந்து மீட்டர் ரீடிங், வாடகை பாக்கி, சேதம், ரசீது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் வெளியிடுங்கள். அந்தப் படிவத்தில் இல்லாத எதையும் அட்வான்ஸில் பிடிக்கக் கூடாது என்று ஆணையிடுங்கள். மீதிப் பணத்தைச் சாவி வாங்கும் அன்றே வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஊரப்பாக்கம்.